சாக்கடையிலிருந்து தொடங்காத படம்

எங்கள் சனங்களைப் படம் பிடித்தவர்கள் நிறையப் பேர். வெள்ளம் வந்தால் டிவிக்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று எடுப்பார்கள். எலக்சன் வந்தால் கட்சிக்காரர்கள் ஆயாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எடுப்பார்கள். சமூகப்பணி படிக்கிற பிள்ளைகள் ப்ராஜெக்ட்டுக்காக வந்து, மூக்கைப் பொத்தாமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டு எடுப்பார்கள். மூணு தலைமுறையாக எடுத்திருக்கிறார்கள். எங்கள் வீடுகளில் தேடினால் கல்யாண போட்டோ இருக்கும், செத்தவங்களுக்கு மாலை போட்ட போட்டோ இருக்கும். நாங்கள் வாழ்ந்த இடத்தின் படம் ஒன்றுகூட எங்கள் கையில் இல்லை.

சென்னையில் கால்வாய் ஓரத்துக் குடியிருப்பு எங்களுடையது. நானூறு வீடு இருக்கும். பெரும்பாலும் தலித்துகள். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து என்னைப் படிக்கவைத்தாள். நான் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தேன். 2018இல் எங்கள் பகுதிக்கும் நோட்டீஸ் வரப்போகிறது என்று பேச்சு வந்தது. வீட்டுரிமைக்காக வேலை செய்கிற தோழர்கள் சிலர், குடியிருப்புக்கு இரண்டு பேர் என்று சேர்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆவணப்படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். எங்கள் பகுதியிலிருந்து நானும் பெயிண்ட் வேலை செய்கிற ஒரு தம்பியும் போனோம். கேமரா என்று பெரிதாக ஒன்றுமில்லை. போன்தான். ஒரு ஸ்டாண்டு, சட்டையில் குத்திக்கொள்கிற சின்ன மைக்கு ஒன்று.

முதல் பாடமே சத்தம்தான். படம் கொஞ்சம் ஆடினால் சனங்க பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள் என்றார் கற்றுக்கொடுத்த அண்ணன். அது எவ்வளவு உண்மை என்பது எங்கள் தெருவில் எடுத்தபோதுதான் தெரிந்தது. ஒரு பக்கம் தண்ணி லாரி, ஒரு பக்கம் கோயில் ஸ்பீக்கர், மேலே பறக்கும் ரயில். இதுக்கு நடுவில் ஒரு பொம்பளை தன் கதையைச் சொல்ல வேண்டும். இன்னொன்றும் தெரிந்தது. புருசன் பக்கத்தில் இருந்தால் பெண்களின் குரல் பாதியாகிவிடுகிறது. மைக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிடிக்காது. நாற்காலி போட்டு உட்காரவைத்தால் ரேஷன் ஆபீசரிடம் பேசுகிற மாதிரி பேசுவார்கள். அதனால் குழாயடியில் எடுத்தோம், மீன் ஆயும்போது எடுத்தோம், தலை வாரும்போது எடுத்தோம். கைக்கு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கிறது.

வகுப்பில் பழைய படங்கள் போட்டுக் காட்டினார்கள். அதில் ஒன்று என்னை இன்றுவரை விடவில்லை. 1935இல் இங்கிலாந்தில் எடுத்தது. 'ஹவுசிங் ப்ராப்ளம்ஸ்' என்று பெயர். ஆர்தர் எல்டன், எட்கர் ஆன்ஸ்டி என்ற இரண்டு பேர் எடுத்தது. லண்டனில் ஸ்டெப்னி என்கிற ஏழைகள் பகுதியில், வீட்டுக்குள்ளேயே கேமராவைக் கொண்டுபோய் வைத்து, அங்கே குடியிருந்தவர்களையே பேசவிட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய விசயம். ஒரு அம்மா எலியைப் பற்றிச் சொல்கிறாள். ஒருவர் பூச்சியைப் பற்றிச் சொல்கிறார். பார்க்கும்போது நம்ம ஆளு பேசுகிற மாதிரியே இருந்தது. நானும் தம்பியும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

படம் முடிந்ததும் அண்ணன் கேட்டார், இந்தப் படத்துக்குக் காசு கொடுத்தது யார் தெரியுமா என்று. கேஸ் கம்பெனிகளின் சங்கம். இடிந்த வீடுகளை இடித்துப் புது அடுக்குமாடி கட்டினால் ஒவ்வொரு வீட்டுக்கும் கேஸ் அடுப்பு விற்கலாம் இல்லையா? அந்தச் சனங்க சொன்ன எலியும் பூச்சியும் பொய் கிடையாது. ஆனால் அவர்கள் சொன்ன துயரம் முழுக்க 'இடி' என்கிற ஒரே முடிவுக்கு ஆதாரமாகப் போய்ச் சேர்ந்தது. எங்கே போவாய், எந்த வாடகையில் இருப்பாய், வேலைக்கு எப்படிப் போவாய் என்று யாரும் கேட்கவில்லை. லீட்ஸ் நகரத்தில் கட்டப்போகிற குவாரி ஹில் என்ற அடுக்குமாடியின் மாதிரியை அந்தப் படத்தில் பெருமையாகக் காட்டுவார்கள். அந்த அடுக்குமாடியையே 1978இல் இடித்துவிட்டார்கள்.

நம்ம ஊருக்கு வருவோம். இங்கேயும் சேரியின் படம் என்றால் என்ன? கறுப்புத் தண்ணி, பன்னி, குப்பை, மூக்கு ஒழுகுகிற குழந்தை. இந்தப் படத்தை இரக்கப்படுகிறவனும் எடுக்கிறான், இடிக்க வருகிறவனும் எடுக்கிறான். இரண்டு பேர் எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 'இப்படிப்பட்ட இடத்தில் மனுசங்க இருக்கலாமா' என்று ஒருத்தன் கேட்பான். 'இருக்கக் கூடாது, காலி பண்ணு' என்பான் இன்னொருத்தன்.

எங்கள் படத்தையும் சாக்கடையிலிருந்துதான் தொடங்கச் சொன்னார்கள். கால்வாய்த் தண்ணியிலிருந்து மெதுவாக மேலே வந்து வீடுகளைக் காட்டினால் பார்க்கிறவர்கள் மனசு கலங்கும் என்பது கணக்கு. ஸ்டாண்டை வைத்துக்கொண்டு இருந்தபோது ஆயா வந்தது. என் சொந்த ஆயா இல்லை, தெருவுக்கே ஆயா.

"இன்னாமே எடுக்கற?"

"கால்வாய எடுக்கறோம் ஆயா."

"அத்தான் ஆபீசரு எடுத்துனு போனாரே. நீ எதுக்கு இன்னொரு தபா எடுக்கற? வா, என் வூட்டு வாசப்படிய எடு."

ஆயா வீட்டு வாசல்படியில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தரை இருக்கிறது. மூணு அடுக்குத் தரை. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுவிட்டுப் போவார்கள். ரோடு ஒசரும், வீடு பள்ளமாகும், மழைத் தண்ணி உள்ளே வரும். அதனால் ஆயா தரையை ஒசத்திக்கொண்டே வந்திருக்கிறது. அடியில் கட்டட வேலைக்குப் போன இடத்திலிருந்து சுமந்துவந்த இடிசல். அதுக்கு மேலே கடப்பாக்கல், சீட்டு எடுத்த காசில். அதுக்கும் மேலே டைல்ஸ், பேரன் முதல் சம்பளத்தில் போட்டது. படிக்கட்டின் ஓரத்தில் மூணும் தனித்தனியாகத் தெரிகிறது. "நாங்க வந்தப்போ இங்க நெலமே கெடையாது. சேறு. முட்டி வரிக்கும் போவும். கல்லு கொட்டி, மண்ணு கொட்டி நாங்கதான் நெலமாக்குனோம். இப்ப வந்து கெவுருமெண்டு நெலம்னு சொல்றான்."

வருசம் கேட்டால் ஆயாவுக்கு எண்ணாகச் சொல்லத் தெரியாது. ஆனால் எம்.ஜி.ஆர். செத்த அன்றைக்குக் கடப்பாக்கல் வந்து இறங்கியது, போட ஆள் வரவில்லை என்று சொன்னது. 1987 டிசம்பர் 24. இதைவிடத் துல்லியமாக எந்த ஆபீசர் தேதி சொல்வார்?

எங்கள் படம் அந்த வாசல்படியிலிருந்து தொடங்குகிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், எங்கள் வழக்கே இதில்தான் நிற்கிறது. தமிழ்நாட்டில் 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. 1971இல் குடிசைப் பகுதிகளுக்கான சட்டம் வந்தது. ஒரு இடத்தைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்துவிட்டால், சும்மா வந்து காலி செய்ய முடியாது. அந்தச் சட்டத்தில் சில பாதுகாப்புகள் உண்டு. 1971இல் சென்னையில் 1,202 இடங்களை அறிவித்தார்கள். 1985இல் இன்னும் 17 இடங்கள். அதோடு சரி. அதுக்கப்புறம் பல பத்தாண்டுகளாக நகரம் பெருத்துக்கொண்டே போனது, பட்டியல் வளரவில்லை. பட்டியலில் இல்லாதவன் குடியிருப்பவன் இல்லை, ஆக்கிரமிப்பாளன். 2021இல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். நல்ல பெயர்தான்.

எத்தனை வருசம் இருந்தோம் என்பதுக்கு எங்களிடம் பேப்பர் கேட்பார்கள். பேப்பர் தீயில் எரிந்திருக்கும், வெள்ளத்தில் போயிருக்கும். மிச்சம் இருக்கிற ரேஷன் கார்டு, ஸ்கூல் டி.சி., கரண்டு பில் எல்லாவற்றையும் அதது யாருடையதோ அவர்கள் கையிலேயே கொடுத்து, முகமும் பேப்பரும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி, அவர்கள் வாயாலேயே படிக்கவைத்து எடுத்தோம். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் படித்தார்கள்.

இதில் வக்கீல் தோழர் ஒருவர் சொல்லிக்கொடுத்தது எல்லா இயக்கங்களுக்கும் பயன்படும். எடுத்த கோப்பைத் தொடாமல் அப்படியே வைக்க வேண்டும். வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் நகலில்தான். எந்தப் போன், யார் எடுத்தது, எந்தத் தேதி என்று நோட்டில் எழுதவேண்டும். எலக்ட்ரானிக் ஆதாரத்தைக் கோர்ட்டில் வைக்கவேண்டுமானால் அதோடு ஒரு சான்றிதழ் தரவேண்டும். முன்னாடி சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவு என்பார்கள். 2024 ஜூலை 1இலிருந்து புதுச் சட்டத்தில் அது 63ஆவது பிரிவு. கோப்பின் ஹாஷ் எண்ணையும் அந்தப் படிவத்தில் எழுதவேண்டும். கோப்புக்குக் கைரேகை மாதிரி அது. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோப்பு சுருங்கிவிடும், அதன் கைரேகையும் மாறிவிடும். நம்ம பிள்ளைகள் பரபரப்பில் எடுத்து, பத்து குரூப்பில் போட்டுவிட்டு, போனில் இடம் இல்லையென்று அசலை அழித்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

சின்னப் படம் என்ன செய்யும் என்பதை 2021இல் பார்த்தோம். ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடியில், புதுச் சுவரை விரலால் சுரண்டினால் பூச்சு உதிர்கிற காட்சி போன் போனாகப் பரவியது. பின்னணி இசை இல்லை, வர்ணனை இல்லை. ஒரு விரலும் ஒரு சுவரும்தான். அரசு சென்னை ஐ.ஐ.டி.யைவிட்டு ஆய்வு செய்யவைத்தது. அதே வருசம் டிசம்பர் 27இல் திருவொற்றியூரில் 1993இல் கட்டிய வாரியக் குடியிருப்பு ஒன்று இடிந்து 24 வீடு தரைமட்டமானது. விரிசலைப் பார்த்துச் சனங்க முன்னாடியே இறங்கிவிட்டதால் உயிர் தப்பியது. இதையெல்லாம் பார்க்கும்போது எனக்கு அந்த லீட்ஸ் அடுக்குமாடிதான் ஞாபகம் வந்தது.

எங்கள் படத்தின் நீளமான பகுதி என் அத்தையுடையது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அவர்களை ஆற்றோரத்திலிருந்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் ஏழாவது மாடியில் வைத்தார்கள். அத்தை இன்னமும் பழைய இடத்தில்தான் வீட்டு வேலை செய்கிறது. விடிகாலை மூணே முக்காலுக்கு எழுந்து, லிப்ட் ஓடாத நாளில் இருட்டுப் படியில் இறங்கி, இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய்ச் சேர்வதை முழுசாக எடுத்தோம். 2021 மே மாதத்திலிருந்து சாதா பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அது பெரிய உதவி, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் காசு மிச்சமாகலாம், நேரம் மிச்சமாகாது. அத்தை நின்றுகொண்டே தூங்குகிறது. கம்பியைப் பிடித்த கை மட்டும் தூங்கவில்லை.

பஸ்ஸை இருபது செகண்டில் வெட்டிவிடு, பார்க்கிறவன் புரிந்துகொள்வான் என்றார் அண்ணன். நாங்கள் மறுத்தோம். முப்பத்து நாலு நிமிசப் படத்தில் அத்தையின் பயணம் பதினோரு நிமிசம். ஒரு கல்லூரியில் போட்டபோது அந்தப் பதினோரு நிமிசமும் பாதிப் பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் வேட்டி கட்டித் திரையாக்கிப் போட்டபோது பொம்பளைகள் ஒருத்தரும் அசையவில்லை. ஒரு அக்கா மட்டும், "இது உக்காந்துனாவது போவலாமில்ல, யாராவது எழுந்து எடம் குடுங்கடா" என்று திரையைப் பார்த்துத் திட்டியது.

கிராமத்தில் ஊர் வேறு, சேரி வேறு. பட்டணத்தில் அது இல்லை என்று சொல்லிக்கொள்வார்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எல்லாவற்றையும் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கு மேல் வீடுகள். 2000ஆம் வருசத்திலிருந்து குடியேற்றியது. பெரும்பாலும் தலித் சனங்க. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக் கொண்டுபோகும் பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துப் பக்கம் இருக்கின்றன. 2015இல் அங்கேயும் வெள்ளம்தான். ஊருக்கு வெளியே, பள்ளத்தில், மொத்தமாக. இதுக்கு நம்ம பாட்டன் காலத்திலேயே ஒரு பெயர் இருந்தது.

2022 மே மாதம் ஆர்.ஏ. புரம் கோவிந்தசாமி நகரில் கோர்ட் உத்தரவுப்படி இடித்தபோது, ஒரு பெரியவர் தன்மேல் தீ வைத்துக்கொண்டு செத்துப்போனார். அதுக்குப் பிறகுதான் மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பக்கமே மாற்று வீடு தருவோம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் சொன்னார். பக்கத்திலேயே வீடு என்பது முடியாத காரியம் என்று அதுவரை எத்தனை ஆபீசில் சொல்லியிருப்பார்கள்! அந்தப் பெரியவர் எரிகிற காட்சி எங்கள் போன்களுக்கும் வந்தது. அதை எங்கள் படத்தில் சேர்க்கவில்லை. சேர்த்தால் பலமாக இருக்கும் என்று தோழர்கள் இரண்டு பேர் வாதாடினார்கள். கூட்டம் போட்டுப் பேசி, வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அவர் வீட்டு ஆட்களை யாரும் கேட்கவில்லையே.

கேட்பது என்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆனந்த் பட்வர்தன் எடுத்த 'ஹமாரா ஷஹர்' 1985இல் வந்தது. பம்பாய் நடைபாதைக் குடிசைகளை இடித்ததைப் பற்றியது. சுப்ரீம் கோர்ட்டில் ஓல்கா டெல்லிஸ் வழக்கு நடந்த காலம். சேலத்திலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன ஒரு கூலித் தொழிலாளியும் அந்த வழக்கில் மனு போட்டவர். 1981இல் அவர் குடிசையை இடித்து, குடும்பத்தையே சேலத்துக்குப் பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். தீர்ப்பிலேயே இருக்கிறது. படத்தில் ஒரு பெண் கேமராவைப் பார்த்துச் சண்டை போடுகிறாள். எங்களைப் படம் எடுத்து நீ பேர் வாங்குவாய், எங்களுக்கு என்ன ஆகப்போகிறது என்று. அவர் அந்தக் காட்சியை வெட்டாமல் வைத்திருக்கிறார். அந்தப் பெண்ணின் கேள்விக்கு அந்தப் படத்தில் பதில் இல்லை.

கனடாவில் போகோ என்று ஒரு தீவு. மீனவர்கள் வாழ்கிற இடம். அவர்களையும் காலி செய்து வேறு இடத்தில் வைக்க அரசு நினைத்தது. 1967இல் காலின் லோ என்பவர் அங்கே போய்ச் சின்னச் சின்னப் படங்களாக எடுத்தார். எடுத்ததை முதலில் அந்தச் சனங்களுக்கே போட்டுக் காட்டினார்கள். வேண்டாம் என்று சொன்னதை எடுத்துவிட்டார்கள். அதுக்கப்புறம்தான் அதிகாரிகளுக்குக் காட்டியது. ஒரு ஊர்க்காரன் இன்னொரு ஊர்க்காரன் பேசுவதைத் திரையில் பார்த்து, நம்ம பிரச்சினை எல்லாம் ஒன்றுதான் என்று தெரிந்துகொண்டு கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். தீவு காலியாகவில்லை. காப்பாற்றியது படமா, சங்கமா என்று கேட்டால் சங்கம் என்றுதான் சொல்வேன். படம் அவர்களை ஒரே இடத்தில் உட்காரவைத்தது.

நாங்களும் முதலில் எங்கள் தெருவில்தான் போட்டோம். படம் முடிந்ததும் ஒரு அக்கா என் கையைப் பிடித்துத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனது. "நான் வேலை செய்ற வூட்டம்மாகிட்ட கால்வா ஓரம்னு சொல்லல, கண்ணு. சொன்னா டம்ளரு வேற ஆயிடும், அப்பறம் வேலயும் போயிடும்" என்றது. அந்த அக்கா பேசியது நாலு நிமிசம். படத்திலேயே அதுதான் நல்ல பேச்சு. எடுத்துவிட்டோம்.

போராட்டக்காரர்களுக்கு இதெல்லாம் மெத்தனமாகத் தெரியலாம். 1999 ஜூலை 23இல் தாமிரபரணியில் 17 பேர் செத்ததைப் பற்றி ஆர்.ஆர். சீனிவாசன் 'ஒரு நதியின் மரணம்' எடுத்தார். மலக்குழித் தொழிலாளர்களைப் பற்றி திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' 2017இல் வந்தபோது, திரையிடலைத் தடுத்தார்கள், அவர்மேல் வழக்குப் போட்டார்கள். அந்த வேகம் வேண்டும். நடந்த கொலையைச் சொல்ல அந்த வேகம்தான் சரி. வீட்டு வழக்கு அப்படி இல்லை, பத்து வருசம் இழுக்கும். ஒருத்தர் செத்துப்போவார், ஒருத்தர் வாடகைக்குப் போவார். அதுவரைக்கும் யார், எங்கே, எப்போதிலிருந்து என்பதை உட்கார்ந்து சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

போன வருசம் கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். கதவில் சிவப்பு எண் போட்டார்கள். பகல் பதினோரு மணி. எங்கள் பெண்கள் வீட்டு வேலைக்குப் போயிருக்கிற நேரம். பூட்டியிருந்த வீட்டுக்கு எண் போடாமல் தாண்டிப் போனார்கள். எண் இல்லையென்றால் மாற்று வீடு இல்லை. நான் சொல்லிக்கொடுத்த இரண்டு பொண்ணுங்க, ஒருத்தி பத்தாவது, ஒருத்தி பன்னெண்டாவது, அவர்கள் பின்னாலேயே போய், எண் போட்ட வீட்டை எடுக்காமல் போடாத வீடுகளை மட்டும் எடுத்திருக்கிறார்கள். பூட்டு, கதவு, எதிர் வீட்டு எண், வாசலில் காயும் துணி. "துணி எதுக்குடி?" என்று கேட்டேன். "வூட்ல ஆளு கீதுன்னு தெரியணும் இல்லக்கா" என்றாள் சின்னவள். மொத்தம் ஏழு வீடு. ஏழுக்கும் தனித்தனியாக மனு எழுதி, படத்தை சி.டி.யில் போட்டு இணைத்து, மேசைக்கு மேசை அலைந்து, கடைசியில் முத்திரை குத்திய ரசீது வாங்கினோம். மூணு வீட்டுக்கு எண் வந்திருக்கிறது. நாலு வீடு பாக்கி.